முக்காதே என்றார்கள்

1998 செப்டம்பர் 9, புதன்

காலையில் தூறல், பிறகு புழுக்கம். சேவூருக்கு, அம்மா வீட்டுக்கு வந்த பிறகு இன்றுதான் பேனா பிடிக்கிறேன். உட்கார முடியாது. ஒருக்களித்துப் படுத்து, தலையணை மேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல்.

இன்று: குழந்தைக்குப் பால், அழும்போதெல்லாம். டெட்டால் ஊற்றிய வெந்நீரில் உட்கார்ந்தது, இரண்டு முறை. பூண்டுக் குழம்பு. கருவாடு. தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது, தலையில் காற்று படக் கூடாது, குனியக் கூடாது, படிக்கக் கூடாது. அம்மா வாயில் வேறு பேச்சே இல்லை.

பார்க்க வந்தவர்கள் எதிர்வீட்டு அக்கா, அவள் மாமியார், பால்காரர் மனைவி. மூன்று பேருக்கும் ஒரே கேள்வி.

“நார்மலா, ஆபரேஷனா?”

“சுகப்பிரசவந்தான். பையன்,” என்றாள் அம்மா.

“அப்புறம் இன்னா வேணும்?”

அதோடு முடிந்தது. குழந்தையைத் தூக்கிப் பார்த்தார்கள், மூக்கு யாருடையது என்று பேசினார்கள், போனார்கள். சுகம் யாருக்கு என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. சிரித்து வைத்தேன்.

பக்கத்து அறையில் அப்பா தறியில். என் மாமனார் பட்டு வியாபாரி. அவர் கொடுக்கிற பாவு நூலைத்தான் அப்பா நெய்கிறார். என்னை அந்த வீட்டுக்குக் கட்டிக்கொடுத்த பிறகும் மாமனார் எதிரில் அப்பா உட்காருவதில்லை. இப்போது தறியில் இருப்பது மாம்பழக் கலர், அரக்கு பார்டர். அந்தச் சத்தத்தில் குழந்தை தூங்கிவிடுகிறான். எனக்குத் தூக்கம் இல்லை.

10, வியாழன்

நல்ல வெயில். தும்மல் வந்தது. தையல் பிரிந்துவிட்டது என்றே நினைத்தேன். பிரியவில்லை. இனி வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அம்மா வெந்நீர்க் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

“மூணு பேரைப் பெத்தியே, கடைசியில எப்படி இருக்கும்னு எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா?”

“சொன்னா யாருடி பெத்துக்குவா?”

“சொல்லியிருந்தா நான் இவ்ளோ முழிச்சிருக்க மாட்டேன்.”

“எல்லாம் மறந்துடும். எனக்கே இப்ப ஞாபகம் இல்ல.”

திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். ஞாபகம் இருக்கிறது அவளுக்கு.

மறந்துவிடும் என்றால் அதற்கு முன்னால் எழுதிவிட வேண்டியதுதான். யாருக்கும் காட்ட அல்ல. எனக்கு.

போன வெள்ளிக்கிழமை. ஆரணியில் மாமியார் வீட்டுத் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் நர்சிங் ஹோம். காலையிலிருந்து வலி. அதைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை. இடுப்பைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். வலிக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், வலித்தது. மதியத்துக்கு மேல் அது வேறாக மாறியது. அதைத்தான் யாரும் சொல்லவில்லை.

ஒரு வலி உச்சிக்குப் போய், வழக்கம்போல் இறங்காமல், கீழ்ப்பக்கம் திரும்பியது. வெளிக்கு வருகிறது என்று நினைத்தேன். அவ்வளவு வெளிப்படையாக அதே உணர்ச்சி. நர்ஸிடம் சொல்லக் கூச்சம். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

“சிஸ்டர், வெளிக்கி வருதுங்க.”

“அதான் எனிமா குடுத்தாச்சில்ல. ஒண்ணும் வராது, படு.”

இருந்தாலும் கையுறை போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது. “தலை இறங்கிடுச்சி,” என்று வார்டு துடைக்கிற ஆயாம்மாவிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

வாந்தி வரும்போது வயிறு தானாகச் சுருண்டு மேலே தள்ளுமே. நாம் நினைத்துச் செய்வதில்லை, நிறுத்தவும் முடியாது. அதேதான், கீழ்நோக்கி. மூச்சு தானாக நின்றது, தாடை தானாகக் கடித்துக்கொண்டது, விலா எலும்பிலிருந்து ஆரம்பித்து உடம்பு மொத்தமும் ஒரே பக்கம் தள்ளியது. தொண்டையிலிருந்து ஒரு உறுமல். என் குரல் என்றே தெரியவில்லை. முக்குவது தானாக நடந்தது, நான் அதன்கூடப் போனேன்.

வலித்ததா? இதை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த முதல் சில முக்கலில் வலி குறைந்தது. காலையிலிருந்து என்னை வெறுமனே போட்டு முறுக்கிய வலிக்கு இப்போது ஒரு வேலை கிடைத்துவிட்டது. கால் கட்டைவிரல் வரை பலம். கட்டில் கம்பி வளைந்துவிடும் என்று தோன்றியது. தண்ணீர்க் குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறவள் நான். இவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று ஆச்சரியம். நன்றாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரம்.

குழந்தை எழுந்துவிட்டான். மீதி பிறகு.

11, வெள்ளி

அவர் வந்தார். ஆப்பிள், ரொட்டி, குழந்தைக்குக் கொசுவலைக் குடை. வாசலிலேயே செருப்பைக் கழற்றும் சத்தத்தில் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு காபி போட ஓடினாள்.

குழந்தை கையை விரித்து விரித்துப் பார்த்தார். சந்தோஷமாகத்தான் இருக்கிறார். அது பொய்யில்லை. பிறகு சொன்னார்:

“டாக்டரம்மாவுக்கு ஒரு பட்டுச்சேலை குடுக்கணும்னு அம்மா சொல்லிகினு இருக்காங்க. உங்கப்பா தறியில இருக்கறதையே குடுத்துடலாமாம். அன்னிக்கி அவங்க மட்டும் வரலைன்னா…”

அதற்கு மேல் சொல்லாமல் குழந்தையைத் தட்டினார். அடுத்த அறையிலிருந்து அப்பா, “ஆகட்டும் மாப்ளே, செவ்வாய்க்குள்ள நெய்து அறுத்துடறேன்,” என்றார். தறிச் சத்தம் உடனே வேகமானது.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். பரவாயில்லையா என்று மறுபடி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆப்பிளை நறுக்கித் தரச் சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

நேற்று விட்ட இடம்.

நான் முக்க முக்க நர்ஸ் வாசலைப் பார்த்தாள். பிறகு என் தொடையில் அடித்தாள். “முக்காதம்மா.”

புரியவில்லை. முக்கு முக்கு என்று கத்துவார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன்.

“முக்காத. டாக்டரம்மா இன்னும் வரலை. கல்யாணத்துக்குப் போயிருக்காங்க, வந்துகினே இருக்காங்க. வாயால ஊது. சுடு டீயை ஊதற மாதிரி ஊது.”

ஊதினேன். இரண்டு ஊதலுக்கு நடுவில் உடம்பு மறுபடி தள்ளியது. கியர் விட்டு இறக்கத்தில் ஓடுகிற வண்டியைக் கையால் பிடித்து நிறுத்தச் சொன்னால் எப்படி? நான் வேண்டுமென்று செய்கிறேன் என்று நினைத்தாள். ஆயாம்மாவைக் கூப்பிட்டாள். ஆயாம்மா என் இரண்டு முழங்காலையும் சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் ஒரு துணியை மடித்து, கீழே, தலை வருகிற இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

உள்ளேயிருந்து அவன் தள்ளுகிறான். வெளியே இருந்து அவள் தள்ளுகிறாள். நடுவில் கதவு மாதிரி நான்.

அப்போதுதான் வலி. காலையில் இருந்தது வலியே இல்லை. கல் மாதிரி ஒன்று முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் எலும்பு நடுவே நின்றது. பின்பக்கம் வாலெலும்பு நெம்பி வெளியே வந்துவிடும் போல. தொடை இரண்டும் தானாக நடுங்கின, குளிர் ஜுரம் மாதிரி. கீழே சுற்றிலும் வட்டமாக எரிச்சல், மிளகாய் அரைத்த கையை வைத்தது போல, ஆனால் எடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தது போல. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை வரவில்லை.

“நீங்களே எடுங்க சிஸ்டர், கால்ல விழறேன்,” என்றேன்.

“நான் எடுத்தா எனக்குத்தான் திட்டு,” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் கண் வாசலிலேயே இருந்தது, அதையும் எழுத வேண்டும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரம் என் தலைக்குப் பின்னால் இருந்தது.

13, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல். முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டச் சொன்னாள் எதிர்வீட்டு அக்கா. வலி குறைந்தது. இந்த வீட்டில் யாராவது ஒன்று சொல்லி அது பலித்தது இதுதான்.

எழுதி முடித்துவிடுகிறேன்.

டாக்டரம்மா வந்தாள். பட்டுச்சேலை, தலையில் மல்லிகை, நெற்றியில் சந்தனம். அதன் மேலேயே பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டிக்கொண்டாள். “களம்பூர் கேட்டுல மாட்டிகினேன். கூட்ஸ் வண்டி, போயே தொலையல,” என்று நர்ஸிடம் சொன்னாள். நர்ஸ் கையை எடுத்தாள். ஆயாம்மா முழங்காலை விட்டாள்.

“ம், இப்ப முக்கும்மா.”

முக்கினேன். வரவில்லை. அந்தத் தானாக வருகிற தள்ளல் களைத்துப்போய்விட்டது. ஊதி ஊதி, பிடித்துப் பிடித்து, தீர்ந்துவிட்டது. தம் பிடித்து முக்கினேன். முகத்தில்தான் முக்கல், கீழே ஒன்றுமில்லை. காது அடைத்தது. கண்ணுக்குள் ரத்தம் ஏறுவது தெரிந்தது. இன்றைக்கும் இடது கண்ணில் சிவப்புப் புள்ளி இருக்கிறது.

“என்னம்மா, முக்கக்கூடத் தெரியலையா? பத்து மாசம் சாப்பிட்டேல்ல?”

கொஞ்சம் வெளிக்குப் போய்விட்டேன் என்று நினைக்கிறேன். ஆயாம்மா மூக்கைச் சுளித்து, “கர்மம்,” என்றாள். அந்த நிலையிலும் வெட்கமாக இருந்தது. எதற்கு வெட்கம் என்று இப்போது யோசிக்கிறேன்.

பிறகு ஆயாம்மா முக்காலி மேல் ஏறி முன்கையால் வயிற்றின் மேல்பக்கத்தை அழுத்தினாள். முழு ஆள் எடை. மூச்சு வெளியே போனது, திரும்ப வரவில்லை. அதே நேரத்தில் கீழே கத்தரி. வலியைவிட அந்தச் சத்தம். தறியிலிருந்து சேலையை அறுக்கும்போது பாவு வரிசையாக அறுபடுமே, அந்தச் சத்தம் என் உடம்பில் கேட்டது. அதன்பின் வெட்டியது போதாமல் தானாகக் கிழிந்தது. கிழிவது தெரிந்தது, துணி போலவே, ஒரு பக்கமாக ஓடி.

தலை வந்தது. சட்டென்று எல்லாம் லேசானது. தோள் நழுவியது, பிறகு மீன் கையிலிருந்து நழுவுவது போல மீதி எல்லாம் ஒன்றாக. சூடாக, வழவழவென்று. வயிறு காலி. அந்த ஒரு நொடி வலியே இல்லை. அந்த நொடிக்காக இதை எல்லாம் மன்னிக்கிறார்கள் போல.

ஆனால் சத்தம் இல்லை. அழவில்லை அவன். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். நீலமாக ஒரு கால், டா. கையில் தலைகீழாக. தட்டினாள், மறுபடி தட்டினாள். எனக்கு என் உடம்பு மறந்துபோனது. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பிறகு பெரிய அழுகை.

தையல் போடும்போது மரத்துப்போக ஊசி போட்டார்களா என்று தெரியவில்லை. ஒவ்வொரு குத்தும் தெரிந்தது. டா. நர்ஸிடம் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே தைத்தாள். பாதாம் அல்வா நன்றாக இருந்ததாம். ரசம் உப்பு.

வெளியே போய் அவள் சொன்னது உள்ளே கேட்டது. “சுகப்பிரசவம். ஆம்பளப் புள்ள. இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தேன்னா ஆபரேஷன்தான்.”

மாமியார் குரல்: “தெய்வம் மாதிரி வந்தீங்கம்மா.”

15, செவ்வாய்

மேகமூட்டம். தொப்புள்கொடி விழுந்துவிட்டது. அம்மா அதைத் துணியில் முடிந்து வைத்தாள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக. எழுதிவிடுகிறேன்.

காற்றை அடக்க முடியவில்லை. எனக்குத் தெரியாமலே பிரிகிறது. முதலில் பிரசவத்தால் வயிறு அப்படி இருக்கிறது என்று நினைத்தேன். இன்று குழந்தையைத் தூக்க எழுந்தேன், துணியில் பட்டிருந்தது. ரத்தம் இல்லை, வெளிக்குப் போயிருக்கிறேன். அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று நானே பின்கட்டுக்குப் போய் அலசினேன். குனியக் கூடாது என்கிறவளுக்குத் தெரியாமல் குனிந்து அலசினேன். இருபத்து மூன்று வயது. குழந்தைக்கு ஒரு துணி, எனக்கு ஒரு துணி.

அப்பா சேலையை அறுத்தார். சத்தம் கேட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். அப்பா மடித்துக் கொண்டுவந்து காட்டினார். “பாரும்மா, எப்படி வந்திருக்கு?” நல்ல சேலை. பார்டரில் பிசிறு இல்லை. நன்றாக இருக்குப்பா என்றேன். எனக்கு ஒருநாளும் அப்பா நெய்த சேலை கட்டக் கிடைத்ததில்லை, கல்யாணச் சேலை தவிர.

17, வியாழன்

தையல் காட்டப் போன நாள். ஆட்டோ. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டேன். மாமியார் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார், மடியில் சேலைப் பெட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம்.

உள்ளே அதே கட்டில், அதே விளக்கு. படுத்ததும் தொடை தானாக நடுங்க ஆரம்பித்துவிட்டது. டா. பார்த்தாள். “நல்லா ஆறிகினு வருது.”

சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். சொன்னேன். காற்று நிற்கவில்லை, துணியில் படுகிறது. மாமியார் திரைக்கு அந்தப் பக்கம் இருந்ததால் மெதுவாக.

“முதல் பிரசவத்துல இதெல்லாம் சகஜம்மா. போகப்போக சரியாயிடும். நீ சரியா முக்கலை, அதான் கிழிசல் பின்னாடி வரைக்கும் போயிடுச்சி.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். வலித்தது. இருந்தாலும்.

“முக்கிகினுதாங்க இருந்தேன். நீங்க வர்ற வரைக்கும் முக்காதேன்னு கையை வெச்சிப் பிடிச்சிகினு இருந்தாங்க.”

டா. நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் ட்ரேயில் பஞ்சை அடுக்கினாள்.

“அப்படி எல்லாம் யாரும் பிடிக்க மாட்டாங்கம்மா. வலியில உனக்கு அப்படித் தோணியிருக்கும்.”

நர்ஸ் ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தேன். பஞ்சு அடுக்கி முடித்து, கத்தரிகளை அடுக்கினாள்.

திரையை விலக்கிக்கொண்டு மாமியார் வந்தார். எவ்வளவு கேட்டாரோ. “இன்னா பேச்சு இது,” என்று என் தோளை அழுத்தினார், சிரித்த முகம் மாறாமல். பெட்டியை என் கையில் வைத்தார். “நீயே உன் கையால குடும்மா. அதான் முறை.”

கொடுத்தேன். இதைத்தான் ஆட்டோவில் திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டு வந்தேன். யாரும் என் கையைப் பிடித்துக் கொடுக்க வைக்கவில்லை. நானாகத்தான் நீட்டினேன். சிரிக்கவும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். டா. பிரித்துப் பார்த்து, “அடடா, இந்தக் கலர்தான் எங்கிட்ட இல்ல,” என்றாள். அம்மா பெருமையாக, “இவங்கப்பா நெய்ததுதாங்க,” என்றாள்.

வீட்டில் அப்பா கேட்டார், “கட்டுவாங்களாம்மா?”

கட்டுவாங்கப்பா என்றேன்.

18, வெள்ளி

ஒன்றும் இல்லை. மழை. துணி காயவில்லை.

20, ஞாயிறு

தேவி வந்திருந்தாள், மாமியாரோடு. தேவி என் நாத்தனார், அவருடைய தங்கை, செய்யாறில் கட்டிக்கொடுத்தது. ஏழு மாதம். ஆவணியிலேயே வளைகாப்பு முடித்து ஆரணிக்கு அழைத்து வந்துவிட்டார்கள். பிரசவம் அதே நர்சிங் ஹோமில்தான் என்று மாமியார் வந்ததும் சொன்னார். “நம்ம கைராசிக்கார அம்மா இருக்கறப்ப வேற எங்க போறது.”

தேவிக்குக் கால் வீங்கியிருந்தது. கை நிறையக் கண்ணாடி வளையல். குழந்தையைத் தூக்கப் பயந்து என் மடியில் இருக்கும்போதே விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

“எப்படி இருந்திச்சி அண்ணி?”

மாமியார் என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள்.

“எறும்பு கடிச்ச மாதிரி,” என்றார் மாமியார். “நான் ரெண்டு பெத்தேன், இன்னா ஆயிட்டேன்? அதையே கேட்டுகினு பேஜார் பண்ணிக்காத.”

தேவி என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் சாப்பாடு எடுத்துவைக்க இரண்டு பேரும் உள்ளே போனார்கள். அவள் பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்தாள்.

“நெசமா சொல்லுங்க அண்ணி. எல்லாரும் எறும்பு எறும்புன்றாங்க.”

சொன்னேன். மெதுவான குரலில், வரிசையாக, எதையும் கூட்டாமல். வெளிக்கு வருகிற மாதிரி இருக்கும், பயப்படாதே, அது தலை என்றேன். சிரித்துவிட்டாள். “அய்யய்ய, நெசமாவா?” நானும் சிரித்தேன். பிரசவத்துக்குப் பிறகு மனசு விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். முக்கல் தானாக வரும், அதோடு போ, அது நல்லதுதான், அந்த நேரத்தில் உனக்கு எங்கிருந்தோ பலம் வரும் என்றேன். அவள் கண் பெரிதானது.

பிறகு கை வைத்துப் பிடித்ததைச் சொன்னேன். கத்தரியைச் சொன்னேன். குழந்தை அழாமல் இருந்ததைச் சொன்னேன். கடைசியில் துணி அலசுவதையும் சொன்னேன். அம்மாவிடம் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

அவள் சிரிப்பு போய்விட்டது. வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளினாள்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“திரைக்கு அந்தப் பக்கந்தான் இருந்தாங்க.”

“தெரிஞ்சா என்னையும் அங்கியே சேக்கறாங்க?”

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். தேவி சரியாகச் சாப்பிடவில்லை. அதை மாமியார் கவனித்தார்.

சொன்னது தப்போ என்று சாயங்காலம் வரை. பயந்துவிட்டிருப்பாள். நான் பயப்படாமல் போய் என்ன கண்டேன்?

23, புதன்

வெயில் திரும்பிவிட்டது. துணி எல்லாம் காய்ந்தது, எல்லாம்.

பக்கத்து வீட்டுக்கு மாமியாரிடமிருந்து போன். அம்மாதான் ஓடிப்போய்ப் பேசினாள். திரும்பி வரும்போது முகம் தொங்கிக் கிடந்தது.

“தேவிகிட்ட இன்னாடி சொல்லித் தொலைச்சே?”

தேவி அந்த நர்சிங் ஹோமுக்குப் போகமாட்டேன் என்கிறாளாம். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறாளாம், அங்கே எந்நேரமும் டாக்டர் இருப்பார்களாம். புருஷனுக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டாளாம். அவரும் சரி என்றுவிட்டாராம். டாக்டரம்மா முகத்தில் எப்படி முழிப்பது என்று மாமியார் அழுகிறாராம்.

“உங்க பொண்ணு என் பொண்ணு மனசைக் கெடுத்துட்டான்னு சொல்றாங்க. எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியலை. தலையைத் தொங்கப் போட்டுகினு நின்னேன்.”

“நடந்ததைத்தானே சொன்னேன்.”

“நடந்ததை எல்லாம் சொல்லுவாங்களா?”

பிறகு, கொஞ்சம் கழித்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போல அம்மா சொன்னாள்: “உன் தம்பிக்கு அப்புறம் எனக்கும் ஒரு வருஷம் அப்படித்தான் இருந்திச்சி. துணி வெச்சிகினுதான் கோயிலுக்கே போவேன்.”

பின்கட்டில் நான் அலசுவதை இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கோபம் வந்தது. கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை.

24, வியாழன்

காலையிலேயே அவர் வந்துவிட்டார். கடை திறக்கும் நேரம், அதை விட்டுவிட்டு. காபி வேண்டாம் என்றார். குழந்தையைப் பார்க்கவில்லை.

“தேவிகிட்ட இன்னா சொன்னே?”

“அவ கேட்டா. நடந்ததைச் சொன்னேன்.”

“அம்மா ரெண்டு நாளா சாப்பிடாம கிடக்கறாங்க. மாப்பிள்ள வீட்ல இன்னா நினைப்பாங்க? வயித்துப் புள்ளக்காரியை இப்படியா பயமுறுத்துவாங்க?”

“அவ பயந்துகினு உக்காந்திருக்கலையே. வேற ஆஸ்பத்திரி பாத்துகினா.”

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அடுத்த அறையில் தறி நின்றுவிட்டது. அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?”

“நீங்க கேக்கலை.”

சுடுசொல்லாக நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் முகம் அறை வாங்கியது போல் ஆனது. வண்டிச் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

“சரி, சொல்லு.”

“இப்பவா?”

“சொல்லு.”

முதலிலிருந்து சொன்னேன். வெளிக்கு வருகிற மாதிரி இருந்தது என்றதும் அம்மா அடுப்படியிலிருந்து இருமினாள், நிறுத்து என்கிற இருமல். நான் நிறுத்தவில்லை. பலம் வந்ததைச் சொன்னேன். முழங்காலைச் சேர்த்துப் பிடித்ததைச் சொன்னேன். கையை வைத்து அழுத்தியது, ஊதியது, காலில் விழுகிறேன் என்று கெஞ்சியது. நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக் கேட்டார்.

“அந்த நேரம் நான் வெளியிலதானே உக்காந்துகினு இருந்தேன்,” என்றார் ஒரு இடத்தில். “நீ கத்தினது கேட்டுச்சி. எல்லாரும் அப்படித்தான் கத்துவாங்கன்னு அம்மா சொன்னாங்க.”

கத்தரி வந்ததும் எழுந்துவிட்டார். “போதும்.” வெளியே போனார்.

வண்டி கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கிளம்பவில்லை. இதை எழுதும்போது ஜன்னல் வழியாக அவர் சட்டைத் தோள் தெரிகிறது. தெருவில், வேப்பமரத்தடியில், வண்டி மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். அப்பா இன்னும் தறியில் உட்கார்ந்துதான் இருக்கிறார், நெய்யவில்லை. அம்மா காபி கொண்டுபோய்க் கொடுத்தாள், அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள்.

“வெளியவே நிக்கறாரு. போய் உள்ள கூப்பிடட்டுமா?”

“வேணாம்மா. அவரா வரட்டும். இன்னும் பாதி இருக்கு.”